மூன்று மணிக்கு எங்கே இருந்தார்

அவரைப் பற்றி எழுத வேண்டிய கடைசி ஆள் நான்தான். என்ன செய்வது, மற்றவர்களுக்கு நடந்தது தெரியாது. முழுதும் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும்.

கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். பெரிய நகரம். வீடு கட்டினாலும் ஆஸ்பத்திரி கட்டினாலும் பொறுப்பெடுக்கிற ஒப்பந்தக்காரர் எங்களிடம் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து புதுப்பிக்க வேண்டும். தப்புச் செய்தால் மூன்றாவது மாடியில் விசாரணை. கீழே கொடுப்போம், மேலே பிடுங்குவோம் என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். எனக்குக் கீழ்த்தளத்தில் நான்காம் நம்பர் கவுண்டர். விசாரணை நாட்களில் மேலே போய்க் குறிப்பெழுதுவதும் என் வேலைதான்.

என் வாய் கொஞ்சம் நீளம். ஒப்பந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ‘கறார் மேடம்’. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவேன். சிமென்ட் கறை பட்டிருந்தால் தொடவே மாட்டேன். “இது என்ன ஃபாரமா, கரண்டி தொடைச்ச துணியா?” என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் எழுத வந்தவருக்குப் பெயர் ‘ரசமட்டம்’. மட்டம் பார்க்கிற சின்னக் கருவி ஒன்றைச் சட்டைப் பையில் பேனா மாதிரி வைத்திருப்பார். எதைக் கண்டாலும் அதன்மேல் வைத்துப் பார்ப்பார். முதல்முறை என் கவுண்டருக்கு வந்தபோதே என் மேசைமேல் வைத்தார்.

“தங்கச்சி, உங்க டேபிள் வலது பக்கம் சாயுது.”

“நான் கேட்டேனா? பரீட்சை விண்ணப்பம்தானே, அதைக் கொடுங்க.”

கொடுத்தார். பிறகு குனிந்து ஒரு பழைய அட்டையை மடித்து மேசைக் காலுக்கடியில் சொருகிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் டம்ளர் தண்ணீர் தளும்பவில்லை. நன்றி சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

பதினாறு வயதில் செங்கல் சுமக்க வந்தவர். கொத்தனாராகி, மேஸ்திரியாகி, முப்பது வயதுக்குமேல் பரீட்சை எழுத ஆரம்பித்தார். மூன்று முறை தோற்றார். கட்டட வேலையில் நூற்றுக்கு நூறு வாங்குவார். சட்டக் கேள்வியில் கோட்டை விடுவார். ஒவ்வொரு தோல்விக்கும் முடிவுத்தாளை நான்தான் நீட்டுவேன். “அடுத்த தடவ பாருங்க தங்கச்சி, உங்க சட்டத்தையே நிமித்தி வச்சிடறேன்” என்பார். நான்காம் முறை பாஸானார். லைசென்ஸ் அட்டையை வாங்க மனைவியையும் கூட்டிவந்தார். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர், உயரமான பெண்மணி, அதிகம் பேசமாட்டார். அட்டையை அவர் பார்த்ததைவிட அந்த அம்மாதான் ரொம்ப நேரம் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “போட்டோல கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்” என்றார்.

பலர் தங்கள் லைசென்ஸ் நம்பரை அடுத்தவர் கட்டடத்துக்குக் கடன் கொடுப்பார்கள். அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள், பலகையில் மட்டும் பெயர் தொங்கும். இவரிடம் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. ஒருமுறை பூசி முடித்த சுவர் ஒரு விரல் சாய்ந்திருக்கிறதென்று, வீட்டுக்காரரே போதும் போதும் என்றும் கேட்காமல், இடித்துக் கட்டினார். “ஏண்ணே, பைத்தியமா உங்களுக்கு?” என்று கேட்டேன். “அவர் கண்ணுக்குத் தெரியாது தங்கச்சி. எனக்குத் தெரியுமே” என்றார்.

பதினான்கு வருடத்தில் அவர்மேல் ஒரு புகார் இல்லை.

ஆனால் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை அவரும் செய்தார். தளத்துக்குக் காங்கிரீட் போடும் நாளில் லைசென்ஸ்காரர் ஆரம்பம் முதல் கடைசிவரை அங்கேயே நிற்க வேண்டும், மணிக்கொரு தடவை படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மணி நேரம், எட்டுக் கையெழுத்து. காங்கிரீட் போடுகிறவன் கை எப்படி இருக்கும்? பேனாவைத் தொட்டாலே படிவம் நாசம். கறை பட்டால் நான்காம் நம்பர் கவுண்டரில் ஒருத்தி மானத்தை வாங்குவாள். அதனால் ஊர் முழுக்க ஒப்பந்தக்காரர்கள் காலையிலேயே, கை சுத்தமாக இருக்கும்போதே, எட்டுக் கையெழுத்தையும் போட்டுவிடுவார்கள். எங்களுக்கும் தெரியும். சுத்தமான படிவம் வந்தால் சரி என்று வாங்கி அடுக்குவோம்.

அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு லீவு. என் படுக்கையறைக் கூரையில் பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, என் வீட்டுக்காரர் அப்போதுதான் எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தார். மேலே கம்பியெல்லாம் துருப்பிடித்துத் தெரிந்தது. உடனே போனை எடுத்தேன். கையில் கிடைத்த நம்பர் அவருடையது.

“அண்ணே, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறீங்களா? வீடு தலைமேல விழுந்துடும் போல இருக்கு.”

“இதோ வரேன் தங்கச்சி. யாரும் அந்த ரூமுக்குள்ள போகாதீங்க.”

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். கம்பு ஒன்றை வாங்கிக் கூரையை அங்கங்கே தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். இரண்டு இடத்தில் முட்டுக் கொடுக்கச் சொன்னார், யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

“வேலைய விட்டுட்டு வந்தீங்களாண்ணே?”

“தளம் போட்டுட்டிருக்கோம். மேஸ்திரி பாத்துப்பாரு. அரை மணி நேரந்தானே.”

அந்த அரை மணி நேரத்தில்தான் அங்கே ஒரு முட்டு சறுக்கி, பலகையோடு ஈரக் காங்கிரீட் சரிந்தது. கீழே நின்ற தொழிலாளி ஒருவருக்கு வலது கால் நசுங்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு தடி இல்லாமல் நடக்கவில்லை. படிவத்திலோ மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இவர் கையெழுத்து, கறையே இல்லாமல்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. லைசென்ஸ் வாங்கியவர்களிடம் ஊழியர்கள் சொந்த வேலை எதுவும் வாங்கக் கூடாது, சும்மா வந்து பார்த்தாலும்கூட. மீறினால் வேலை போகும். என் வீட்டுக்காரர் அந்தச் சமயம் வேலை இல்லாமல் இருந்தார். மகள் கல்லூரியில் முதல் வருடம். விசாரணைக்கு முந்தின நாள் அவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, நாளைக்கு அங்க... என் வீட்டுக்கு வந்தத...”

“அட, நான் சொல்லுவேனா தங்கச்சி? நீங்க எதுக்குப் பயப்படறீங்க?”

என்னை முடிக்கக்கூட விடவில்லை. “இல்லண்ணே, சொல்லிடுங்க” என்று சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். வாயை மூடிக்கொள்ளச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

விசாரணையில் மூன்று பேர் மேலே உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத்து மேசையில் குறிப்பேட்டுடன். அவர் மனைவி கடைசி வரிசையில். கையெழுத்தைக் காலையிலேயே போட்டதை அவர் உடனே ஒப்புக்கொண்டார். “நான் இருந்திருந்தா முட்டு சறுக்கறத பாத்திருப்பேன். அந்தத் தம்பி கால் போனது என் தப்புதான்” என்றார். விசாரணைத் தலைவர் கெட்டவர் அல்ல. நியாயமான காரணம் சொல்லி, சாட்சியும் இருந்தால் ஒரு வருடத் தடையோடு விடலாம். காரணம் இல்லையென்றால் ரத்து. இதை அவரே இரண்டு முறை விளக்கினார்.

“மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?”

அவர் பேசவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“போன் வந்துச்சுங்க. உடனே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“யார்கிட்டேர்ந்து?”

“தெரியலைங்க. பொம்பளக் குரல் மாதிரி கேட்டுச்சு.”

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் பேனாவால் மேசையைத் தட்டினார். “கடைசியா கேக்கறேன். எங்க இருந்தீங்க?” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தவறிக்கூட என் பக்கம் திரும்பவில்லை. பொய் சொல்லவாவது தெரிந்திருக்கலாம் அந்த மனிதருக்கு. பஸ் ஸ்டாண்டில் பிச்சை கேட்கிறவள்கூட ஒரு பொய் சொல்கிறாள். கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் மனைவி எழுந்து வெளியே போனார். லைசென்ஸ் போகிற வருத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து எழுதினேன்: ‘பதில் அளிக்கவில்லை.’ என் கையெழுத்து அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

ரத்தான அட்டையை லைசென்ஸ்காரரே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கவுண்டரில் இருப்பவர் அதில் இரண்டு ஓட்டை போட வேண்டும். ஐந்து கவுண்டர் இருக்க, அவர் என் வரிசையில்தான் வந்து நின்றார். ஓட்டை போடும் கருவி என் கையில் வழுக்கியது.

“நல்லா அழுத்துங்க தங்கச்சி. பிளாஸ்டிக் தடிப்பா இருக்கு.”

“அண்ணே...”

“விடுங்க. பாப்பா நல்லாப் படிக்குதா?”

படிக்கிறாள் என்றேன். ரசீது கொடுத்தேன். அவர் போனதும் கழிவறைக்குப் போய் அழுதேன், முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதன்பிறகு டைல்ஸ் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். வாடிக்கையாளருக்கு மாதிரிகளை எடுத்துக் காட்டும் வேலை. ஒருமுறை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கடையின் நீலச் சட்டை போட்டு நின்றிருந்தார். இறங்கியிருக்கலாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துகூட வந்திருக்கலாம். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக எழுத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது, அவர் லைசென்ஸைத் திரும்ப வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்துவைத்திருந்தேன். இன்னும் ஆறு வருடம், இன்னும் மூன்று வருடம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு மாதம் முன்னால் அவர் கடையிலேயே மயங்கி விழுந்து இறந்துபோனார். செய்தி எனக்கு வரிசையில் நின்ற ஒருவர் மூலம் வந்தது. ரசமட்டம் போயிட்டாராம் மேடம் என்றார். அந்த ஆள் நீட்டிய படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. நான் கவனிக்கவே இல்லை, வாங்கிவிட்டேன்.

ஓய்வு பெற்ற மறுவாரம், எழுதிவைத்த வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடியில் சின்ன வீடு. அவர் மனைவிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான்காம் நம்பர் கவுண்டர் என்றதும் தெரிந்தது. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் திட்டவில்லை.

“அந்தப் போன்... நீங்க பண்ணதா?”

“ஆமாக்கா.”

“உங்க வீட்டுக்காரர் வீட்ல இருந்தாரா?”

“இருந்தார். அவருதான் கம்பு எடுத்துக் கொடுத்தாரு.”

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. லைசென்ஸ் ஒன்றுதான் போனது என்று ஒன்பது வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேனே, மடச்சி.

“எத்தனை தடவ கேட்டேன் தெரியுமா? எங்க போனேன்னு சொல்லு, ஒரு வார்த்தை சொல்லு, அப்புறம் கேக்கவே மாட்டேன்னேன். ‘தப்பான எடத்துக்குப் போகல’ன்னு மட்டும் சொல்லுவாரு. எந்த எடம்னா வாயத் திறக்க மாட்டாரு. நான் நம்பல. ஒன்பது வருஷம் அந்த மனுஷனுக்கு சோத்த வச்சிட்டு அந்தப் பக்கம் போயி உக்காந்துக்குவேன். மொகம் குடுத்து ஒரு பேச்சுப் பேசினதில்ல.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். இதை ஆபீஸில் கொடுக்கிறேன், பதிவேட்டில் திருத்தச் சொல்கிறேன், இறந்தவர் லைசென்ஸைத் திரும்பத் தர விதி இல்லை, ஆனாலும் அவர் பெயர்மேல் இருக்கும் பழியை நீக்கலாம் என்று உளறினேன்.

“ஆபீஸ்ல குடுங்க, குடுக்காம போங்க. எனக்கு அது எதுக்கு?” என்றார். கண்ணைத் துடைக்கவில்லை. “அதுல எழுதியிருக்கீங்கல்ல, மூணு மணிக்கு எங்க இருந்தாருன்னு?”

“எழுதியிருக்கேன்க்கா.”

“படிங்க.”

படித்தேன். அந்த அம்மா, கணவர் படத்தை மாட்டியிருந்த சுவரின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார்.