தோற்க விடாத விளையாட்டு

பக்கவாதம் என் வலது கையை மட்டும் தொட்டுவிட்டுப் போனது. டாக்டர் அதை அதிர்ஷ்டம் என்றார். மெர்சிங் படகுத்துறைக்கு எதிரே தம்பியோடு சேர்ந்து கடை நடத்தி, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வீசியே பாதி ஆயுளைக் கழித்தவனிடம் சொல்கிற பேச்சா இது? அந்தக் கை திரும்பாவிட்டால் நான் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சிகிச்சைக்குப் போன இடத்தில் என்னை ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். சின்ன வயதில் காசு போட்டு ஆடிய அதே விளையாட்டு. மேலே வரிசை வரிசையாகச் செங்கல், கீழே ஒரு கட்டை. பந்து விழாமல் கட்டையால் தட்டித் தட்டிச் செங்கல்லை உடைக்க வேண்டும். இங்கே பொத்தானுக்குப் பதில் ஒரு பெரிய குமிழ் இருந்தது. மணிக்கட்டைத் திருப்பினால்தான் கட்டை நகரும்.

ஆட ஆட எனக்குள் ஒரு சந்தேகம். கை மரமாகக் கிடந்த முதல் வாரத்திலும் கடைசி வரிசைச் செங்கல்தான் மிஞ்சியது. ஒரு மாதம் கழித்தும் அதே கடைசி வரிசை. நான் தேறவே இல்லையா, இல்லை ஆரம்பத்திலேயே அவ்வளவு கெட்டிக்காரனா? இரண்டையும் நம்ப முடியவில்லை. அந்தக் காலத்துப் பெட்டி இப்படிக் கிடையாது. போகப் போகப் பந்து வேகமெடுக்கும். ஈவிரக்கமில்லாமல் காசைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடும்.

ஒரு நாள் வேண்டுமென்றே பந்துகளைத் தவறவிட்டேன். இடது கட்டைவிரலைத் திரையில் வைத்துக் கட்டையின் நீளத்தை அளந்தபடி இருந்தேன். மூன்றாவது பந்து விழுந்ததும் கட்டை ஒரு நகத்தளவு நீண்டது. பந்தும் சோம்பலாக இறங்கியது. பிறகு ஒழுங்காக ஆடினேன். கட்டை சத்தமில்லாமல் சுருங்கியது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தது போல எனக்கு ஒரே சந்தோஷம்.

“ஏம்மா, இது ஆளப் பாத்து ஏமாத்துதே?” என்றேன் சிகிச்சை தருகிற பெண்ணிடம்.

அவள் சிரித்தாள். “கண்டுபிடிச்சிட்டீங்களா அங்கிள்? பழைய கேம்தான், பேஷண்டுங்களுக்காக மாத்தியிருக்காங்க. பாயிண்ட்ட பாக்காதீங்க லா. கட்டை எவ்ளோ சின்னதாகுதுன்னு பாருங்க. அதான் உங்க கை தேறுற அளவு.”

“மொதல்லயே கஷ்டமா வெச்சா என்ன?”

“தோத்துக்கிட்டே இருந்தா அடுத்த வாரம் வருவீங்களா?”

வந்திருக்க மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். தீவுக்குப் போகிற கூட்டம் வருவதற்குள் தம்பி என்னைக் கொஞ்சம் ரொட்டி வீசச் சொல்வது வழக்கம். மாவு உருண்டைகளை அவனே எடுத்து எண்ணெய் தடவிய மேசையில் எனக்கு முன்னால் வைப்பான். கொஞ்ச நாளாக எதுவுமே கிழிவதில்லை. “நல்லா வருதுண்ணே” என்பான், நானும் நம்பி மீசையை முறுக்கிக்கொள்வேன். அன்று ரொட்டியை விட்டுவிட்டு உருண்டையைப் பார்த்தேன். மரத்துப்போன வலது கைக்கு எடை தெரியாது. அதனால் என் உருண்டையை இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், பிறகு அவனுடையதை. அவனுடையது நன்றாகக் கனத்தது. என்னுடையது எண்ணெயில் ஊறிக் குழைந்து, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியதாக இருந்தது. அதை யார் வீசினாலும் கிழியாது.

கோபம் தலைக்கேறியது. அவன் உருண்டை ஒன்றை எடுத்துத் தட்டி வீசினேன். இரண்டாவது வீச்சிலேயே கிழிந்து என் தோளில் வந்து தொங்கியது.

“இந்தக் குட்டி ரொட்டியெல்லாம் யாருக்குடா போட்ட?”

“சின்னப் புள்ளைங்க கேட்டா குடுத்துருவேண்ணே.”

“என்னையும் சின்னப் புள்ளன்னு நெனச்சிட்டியா?”

அவன் என் தோளில் கிடந்த மாவை உரித்து எடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “நீங்க நாளைக்கும் கடைக்கு வரணும்லண்ணே.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் பையும் தொப்பியுமாக ஆட்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“சரி, நாளைக்குக் கொஞ்சம் பெருசா உருட்டு” என்றேன்.

“தெனமும் அப்படித்தாண்ணே உருட்டுறேன். இன்னைக்கு உள்ளது நேத்தவிடப் பெருசு.”