ஏர்கோன் மேல் போட்ட பழி

“தம்பி, ஏர்கோன அடைச்சிடுங்க. இவரு நடுங்குறாரு.”

கமலா அக்கா இப்படிக் கேட்டபோது, அவருடைய கணவர் முனியாண்டி அண்ணன் மூன்று போர்வைக்குள் கிடந்தார். பற்கள் தட்டும் சத்தம் கேட்டது.

ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் ஏர்கோன், அதாவது ஏசி, பராமரிப்பு என் வேலை. ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றுவிட்டது. ஆட்களிடம் பேசக் கூச்சம்; மெஷினோடு கூச்சமில்லை.

அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய். கீமோவுக்கு அது அடங்கவில்லை. அவருடைய நோய் எதிர்ப்பு அணுக்களையே எடுத்து, புற்றுநோயைத் தேடித் தாக்கும்படி ஆய்வகத்தில் மாற்றி, திரும்ப ஏற்றியிருந்தார்கள். அதற்கு முன் கொடுத்த மருந்தால் உடம்பு கிருமியைத் தாங்காது. வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி, வெளிக்காற்றை வரவிடாமல் வைத்திருப்பது அந்த ஏர்கோன்தான்.

பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அண்ணன். வந்த அன்றே சொன்னார்: “ஃபேக்டரியில சிப்புக்குத்தான் தூசு படாம இப்படி ரூம் லா. இப்பத்தான் எனக்கும் அந்த மரியாதை.”

காற்றை அளந்து பார்த்தேன். நேற்று இருந்த அதே சூடு.

“மெஷின் சரியா இருக்குக்கா. நர்ஸக் கூப்பிடுவோம்.”

“ஐயோ வேணாம். காய்ச்சல்னு சொன்னா வீட்டுக்கு விடமாட்டாங்க. மக கல்யாணம் வருது. ஏர்கோன் குளிருதான், அடைங்க போதும்.”

வழக்கமாக யாராவது குறை சொன்னால் ஒரு டிகிரி கூட்டிவிட்டு, தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அன்று கூட்டவில்லை. தலைமாட்டில் இருந்த மணியை அழுத்தினேன்.

“யாரு லா உங்களக் கேட்டா?” என்று அக்கா கத்தினார். நர்ஸ் வரும்வரை நான் நகரவில்லை.

நர்ஸிடம் மலாயில் சொன்னேன்: “ரூம் சரியாத்தான் இருக்கு. ஆளுக்குத்தான் குளிருது.”

காய்ச்சல் கொதித்தது. புது அணுக்கள் புற்றுநோயோடு மோதும்போது இப்படி வரும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதை அடக்கும் மருந்தை வார்டில் தயாராக வைத்திருந்தார்கள். உடனே ஏற்றினார்கள்.

சில நாள் கழித்து ஃபில்டர் பார்க்கப் போனேன். அண்ணன் உட்கார்ந்திருந்தார். அக்கா, “மக கல்யாணத்தத் தள்ளி வச்சுட்டா தம்பி. அப்பா நடந்து வரட்டும்னுட்டா” என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குளிருது என்றால் காற்றை அளந்து பாருங்கள். காற்று சரியாக இருந்தால் ஆளைப் பாருங்கள்.

கிளம்பும்போது அண்ணன் கூப்பிட்டார். “தம்பி, இன்னைக்கு நெசமாவே குளிருது லா. ஒரு டிகிரி கூட்டேன்.”

நர்ஸ் வந்து, காய்ச்சல் இல்லை என்று சொன்ன பிறகுதான் கூட்டினேன்.