மலை ஏறாத திருப்பதிப் பயணம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு நானும் என் தம்பி சேகரும் நகரியில் திருப்பதி பஸ் ஏறினோம். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். எங்கள் ஊரிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்களை எதற்கென்று யாரும் கேட்பதில்லை. தரிசனமாக இருக்கும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. நாங்கள் போனது குடியை விட்டவர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்கு.

சேகர் விசைத்தறி ஓட்டுகிறவன். முன்பும் குடியை நிறுத்தியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் கூலி வாங்கும் ஏதோ ஒரு சனிக்கிழமையில் மறுபடி தொடங்கிவிடுவான். இம்முறை புத்தூரில் மருந்து கொடுத்த டாக்டர், "மாத்திரை பாதிதான். விட்டவங்களோட போய் உக்காரணும்" என்று சொல்லி ஒரு போன் நம்பர் தந்தார். அதில் பேசியவர், திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுவதாகச் சொல்லி வழியும் சொன்னார். மாதக் கடைசி ஞாயிறு என்றால் வீட்டாரும் கூட உட்காரலாம் என்றார். சேகரின் மனைவி வசந்திக்கு அன்று ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் ஷிப்ட். அதனால் என் தையல் கடையைப் பூட்டிவிட்டு நான் கிளம்பினேன்.

கண்டக்டர் என் ஆதார் அட்டையைப் பார்த்து, ஆந்திரத்தில் பெண்களுக்குத் தரும் இலவச டிக்கெட்டைத் தந்தார். "எனக்கு மட்டும் துட்டா?" என்று சேகர் சிரித்தான். காலையிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். வடமாலபேட்டையில் கொய்யாப்பழம் வாங்கி நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, அங்க நம்மூர்க்காரன் எவனாச்சும் இருந்தா?"

"இருந்தா அவனும் அதுக்குத்தானே வந்திருப்பான்?"

மடியிலிருந்த கொய்யாப்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டான்.

மூன்று மணிக்கு இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் மலையடிவாரத்துக்கு ஆள் தேடி "அலிபிரி, அலிபிரி" என்று சூழ்ந்துகொண்டார்கள். சேகர் பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும், அதுவும் வாய்க்குள்ளேயே சொன்னான். போய் இறங்கினால் கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் கையை விரித்தார்.

"ஞாயித்துக்கிழம ஏது ஸ்கூலு?"

"பூட்டிக்கினு கீது. வாக்கா, போலாம்." சேகரின் குரலில் நிம்மதி இருந்தது. இப்போது திரும்பினால் இவன் இன்னொரு முறை வரமாட்டான்.

வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் காது மந்தம். நான் தெருவே கேட்கும்படி கத்தினேன். "குடிய உட்டவங்க கூடுவாங்களாமே, அது எங்கங்க?"

"அதுவா? பின்னால இன்னொரு கேட்டு கீது. செருப்பு நெறைய கெடக்கும் பாருங்க" என்றார் அவர், கோயிலுக்கு வழி சொல்வதுபோலச் சாதாரணமாக.

செருப்புகள் கிடந்தன. உள்ளே ஒரு வகுப்பறை, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், பெரிய பிளாஸ்க்கில் டீ. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. யார் யார் எழுத அனுமதித்தார்களோ, அவர்கள் பேச்சை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

என் பக்கத்தில் கத்தரிப்பூ நிறப் புடவையில் ஒரு பெண் இருந்தார். சித்தூர்க்காரர், வங்கியில் வேலை. என்னைப்போலத் துணைக்கு வந்தவர் என்று நினைத்து, "யாரக் கூட்டினு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தான் கூட்டினு வந்தேன்" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். பெயரைச் சொன்னார். "அரிசி டப்பாவுக்குள்ள பாட்டில ஒளிச்சி வெச்சிக்கினு குடிச்சேன். வூட்ல தெரிஞ்சப்புறம் அவங்க என்னயே ஒளிச்சி வெச்சாங்க. இங்க வந்துதான் பேரச் சொல்லி நின்னேன்." ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

அவர் உட்கார்ந்ததும் சேகர் கையைத் தூக்கினான். நான் எதிர்பார்க்கவில்லை. தெலுங்கில் பெயரைச் சொன்னான். சந்தையில் கடகடவென்று தெலுங்கு பேசுகிறவனுக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. கூட்டம் நடத்தியவர், "தமிழ்லயே செப்பண்டி, பரவாலேது" என்றார்.

"சனிக்கிழம கூலி வாங்கினா எனக்கு வூட்டுக்குப் போவ பயமா கீது. எந்தப் பக்கம் போனாலும் கடை வந்துடுது" என்றான் சேகர். இத்தனை வருடங்களில் அவன் எங்களிடம் சொல்லாதது அது. கோபக்காரன், பொறுப்பில்லாதவன் என்றெல்லாம் அவனைச் சொல்லியிருக்கிறோம். பயந்தவன் என்று யாரும் நினைத்ததில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டீ குடிக்கும்போது புத்தூர்க் கொத்தனார் ஒருவர் அவனிடம் வந்தார். "தம்பி, சனிக்கிழம கூலி கைக்கு வந்ததும் எனக்கு போன் போடு. நீ வூடு போய்ச் சேர்ற வரைக்கும் பேசிக்கினே இருக்கலாம்."

"என்னாண்ணா பேசறது?"

"நான் கட்டற செவுத்தப் பத்திப் பேசறேன். நீ கேட்டுக்கினு நட."

இதை எழுதும் நாள்வரை அந்தச் சனிக்கிழமைப் பேச்சு நிற்கவில்லை. சுவரைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று வசந்தி கேட்கிறாள்.

ஐந்தரை மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். திருப்பதியில் இப்படிக் கூடி உட்கார ஓர் அறை இருக்கிறது. எங்கள் ஊரில் குடிக்கத்தான் இடம் உண்டு, விட்டவன் போய் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. அதையே நினைத்துக்கொண்டு முன்னால் பெண்கள் சீட்டில் இருந்தேன். சேகரும் கொத்தனாரும் பின்னால் கொய்யாப்பழத்தைக் கடித்தபடி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அவனோடு போகும்போது நான் கண் மூடுவதில்லை. எந்த ஊரில் இறங்கிவிடுவானோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அன்று புத்தூர் வந்ததும் தெரியாது, கொத்தனார் இறங்கியதும் தெரியாது. யாரோ தோளைத் தொட்டார்கள்.

"எழுந்திருக்கா, நகரி வந்துச்சு" என்றான் என் தம்பி.