குடிலுக்கும் வண்டிக்கும் ஒரே பிளக்

வெர்னா ஹிரிட்சாக் முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். யார்க்டன் நகரத்துக்கு வடக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அவளிடம் ஏச்சு வாங்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. மூக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபம் பூச்செடிகளிடம் மட்டும் வராது. கணவன் ஓரெஸ்டுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்த ஊரில் ஜெரேனியம் வளர்க்கிறவர்கள் எல்லாரும் குளிர்காலத்துக்குச் செய்வது ஒன்றுதான். அக்டோபரில் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலவறையில் ஆணி அடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ஏப்ரலில் இறக்கி நட்டால் சொரணையே இல்லாத மாதிரி துளிர்க்கும். வெர்னாவின் சிவப்பு ஜெரேனியத்துக்கு அது ஒத்துவரவில்லை. தொங்கவிட்ட செடி டிசம்பருக்குள் கருவாடாகிவிடும்.

அந்தச் சிவப்பை அவள் கடையில் வாங்கவில்லை. தானே உண்டாக்கினாள். ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றில் தொட்டு வைத்து, விதை எடுத்து, முளைத்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் குப்பையில் எறிந்து, பதினோரு வருஷம் இதே வேலையாக இருந்து கிடைத்தது அது. பூவின் அடித்தொண்டையில் கறுப்பு ஓடிய சிவப்பு. விதை போட்டால் அதே பூ வராது, கொப்பு வெட்டி வேர் பிடிக்கவைத்தால்தான் வரும். அதுவும் சுலபத்தில் பிடிக்காது. ஒரு தாய்ச்செடி, நாலு கன்று. உலகத்திலேயே அவ்வளவுதான் இருந்தது. வருகிற ஜூலையில் மாகாண மலர்க் கண்காட்சியில் அதை வைத்து, ஒரு பெயர் சூட்டி, உண்டாக்கியவர் வெர்னா ஹிரிட்சாக் என்று பதிவு செய்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. வீட்டு ஜன்னல்களெல்லாம் வடக்கே பார்த்தவை. அங்கே வைத்தால் செடி வெளிறிப்போய் நூலாக நீளும்.

அதனால்தான் கண்ணாடிக் குடில் கட்டினார்கள். ஜூன் மாசம் கார் ஷெட்டின் தெற்குச் சுவரை ஒட்டி ஓரெஸ்ட் மரச்சட்டம் அடித்தான். இடித்துப்போட்ட வீடுகளிலிருந்து பழைய ஜன்னல்களைக் கொண்டுவந்து பொருத்தினான். சட்டம் எழும்பிய மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு லைல் நகராட்சிக்குப் போய், வேலிக்கு ரொம்பக் கிட்டத்தில் கட்டுகிறார்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். அளந்து பார்த்தார்கள். இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னார்கள்.

"கெழவனுக்கு வேற வேலையே இல்லையா? பொழுதன்னிக்கும் வேலிய மோந்துக்கிட்டே நிக்கிறான்!" என்றாள் வெர்னா, லைல் காதில் விழும்படி.

"ரெண்டடிதானே, விடு வெர்னா," என்றான் ஓரெஸ்ட்.

"உனக்கென்ன, நீ ரெண்டடி தள்ளி உக்காந்தாலும் சோறு வந்துரும்."

லைல் பிராண்ட்வோல்ட் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்துநாலு வயசு, தனியாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. வேலியோரம் வெயிலில் வைத்திருந்த தாய்ச்செடியில் ஒரு கொப்பு காணவில்லை. ஆலங்கட்டி ஒடித்திருந்தால் நார் நாராகக் கிழிந்திருக்கும். இது கத்தி வைத்த வெட்டு. வெர்னா பார்த்த உடனே லைல் பெயரைச் சொல்லிவிட்டாள். பேருந்து நிலையத்தில் சொன்னாள், தேவாலயத்தில் வரேனிகிக் கொழுக்கட்டை மடிக்கிற பெண்கள் மத்தியில் சொன்னாள். லைல் வாயே திறக்கவில்லை.

செப்டம்பர் முழுக்கக் குடிலுக்குக் குளிர் புகாமல் அடைக்கிற வேலை. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குறை வைக்கவில்லை. சுற்றிலும் இரண்டடிப் பள்ளம் தோண்டி, தரை வழியாக உறைபனி ஏறாதபடி தெர்மாகோல் பலகைகளைச் செங்குத்தாகப் புதைத்தார்கள். வடக்குப் பக்கம் கண்ணாடியே இல்லை. கார் ஷெட் சுவரில் தடித்த பலகை ஒட்டி, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். கண்ணாடிகளுக்கு உள்பக்கம், பொருள்களைச் சுற்றி வருமே, குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாள், அதை இரண்டு மடிப்பாக ஒட்டினார்கள். வெர்னா மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு மூலை மூலையாகப் போனாள். சுடர் ஆடிய இடத்திலெல்லாம் ஓரெஸ்ட் பசை அடைத்தான். நாலு டிரம்முக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். பகல் வெயிலில் சூடேறுகிற தண்ணீர் ராத்திரி அதை விட்டுக்கொடுக்கும். வெளியே அடியைச் சுற்றி வைக்கோல் கட்டு. இது போதாத நாளுக்கு உள்ளே ஒரு மின்சார ஹீட்டர்.

ஹீட்டருக்குக் கரன்ட் கார் ஷெட்டின் வெளிச்சுவர் பிளக்கிலிருந்து வந்தது. அங்கே இரண்டு துளை. ஒன்றில் ஹீட்டர். இன்னொன்று வெர்னா வேலைக்குப் போகிற வண்டிக்கு. ராத்திரி எஞ்சினைச் சூடாக வைக்கும் ஒயரைச் செருகாவிட்டால் அந்த ஊரில் ஜனவரியில் எந்த வண்டியும் கிளம்பாது. இரண்டையும் ஒன்றாகச் செருகினால் லோடு தாங்காமல் பிரேக்கர் விழுந்துவிடும்.

"தனி லைன் இழுக்கணும்," என்றாள் வெர்னா.

"பனி உருகட்டும், இழுத்துரலாம்," என்றான் ஓரெஸ்ட்.

எல்லாக் கணவர்களும் சொல்கிற பதில்தான். அதனால் வெர்னா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஹீட்டரைப் பிடுங்கி வண்டியைச் செருகுவாள். ஆறு மணிக்கு மாற்றிச் செருகிவிட்டு வேலைக்குப் போவாள். அந்த இரண்டு மணி நேரத்தை டிரம் தண்ணீர் தாங்கிக்கொண்டது. டிசம்பர் போயிற்று, ஜனவரி பாதி போயிற்று. குடிலுக்குள் ஐந்து டிகிரிக்குக் கீழே வெப்பமானி முள் இறங்கவே இல்லை. தாய்ச்செடி புது இலை விட்டது. வெர்னா ஊரில் யாரையும் ஏசாமல் ஒரு வாரம் இருந்தாள்.

ஜனவரி கடைசியில் மைனஸ் நாற்பது வந்தது. அந்தக் குளிரில் பள்ளிப் பேருந்து ஓடாது. மறுநாளைக்கும் கிடையாது என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். போக இடமில்லாதபோது வண்டி எதற்கு? வெர்னா வண்டி ஒயரைச் சும்மா தொங்கவிட்டுவிட்டு, ஹீட்டர் ஓடுவதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பீட்ரூட் சூப் குடித்து நிம்மதியாகப் படுத்தாள்.

காலையில் குடில் கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. ஹீட்டர் சத்தம் இல்லை. உள்ளே மைனஸ் பதினொன்று. டிரம் தண்ணீரின் மேல் பனிக்கட்டி மூடியிருந்தது. தாய்ச்செடியும் நாலு கன்றும் கொதிதண்ணீரில் போட்டெடுத்த கீரை மாதிரி கறுத்துத் துவண்டு கிடந்தன. வெர்னா ஒரு இலையைத் தொட்டாள். அது விரலோடு வந்தது.

வெளியே வந்து பார்த்தாள். வண்டியின் ஒயர் பிளக்கில் செருகியிருந்தது, பிரேக்கர் விழுந்திருந்தது. லைல் வீட்டு வாசலிலிருந்து வண்டியின் மூக்கு வரைக்கும் பனியில் பூட்ஸ் தடம், போனதும் வந்ததும்.

"பண்ணிட்டான் பாவி," என்றாள். "பதினோரு வருஷத்தை ஒரே ராத்திரியில தின்னுட்டான்!"

ஓரெஸ்ட் வாசலில் நின்று தடத்தைப் பார்த்தான். அவனுக்கு வேறு மாதிரி பட்டது. அந்த ஊரில் மைனஸ் நாற்பதில் ஒயர் செருகாத வண்டியைப் பார்த்தால், வீட்டுக்காரர் மறந்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பார்த்தவர் செருகிவிட்டுப் போவார். கதவைத் தட்டிச் சொல்கிற வழக்கம்கூடக் கிடையாது.

"வெர்னா, அவர் வேணும்னு பண்ணல. உதவின்னு நெனச்சுதான்..."

"உதவியா? இரு, அந்த உதவிக்கு நான் போய் நன்றி சொல்லிட்டு வரேன்!"

வழியெல்லாம் வாயில் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். தட்டுவதற்கு முன்பே லைல் கதவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம் நிறையச் சிரிப்பு.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. வண்டி கெளம்பிருச்சா? நேத்து சாப்பிட்டுட்டு ஜன்னல் வழியா பாத்தேன், ஒயர் தொங்கிட்டு இருந்துச்சு. சரி, மறந்துட்டீங்கன்னு நான்தான் போய் செருகிவிட்டேன்."

வெர்னா வாயைத் திறந்தாள். உள்ளே கால் வைத்ததும் ஜன்னல் கண்ணில் பட்டது. லைலின் சமையலறை ஜன்னல் தெற்கே பார்த்தது. அதன் விளிம்பில், காலி ஐஸ்கிரீம் வாளியில், முழ உயரத்துக்கு ஒரு ஜெரேனியம். இரண்டு மொட்டு, ஒரு பூ. அடித்தொண்டையில் கறுப்பு.

லைல் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் வெட்டினேன்," என்றார். "கேட்டா குடுப்பீங்களா? நகராட்சிக்கு எழுதிக்குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேக்கறது? அந்தச் செவப்பு என் கண்ணவிட்டுப் போகவே இல்ல. நீங்க ஊரெல்லாம் சொன்னீங்க. சொன்னது சரிதான். அஞ்சு மாசமா இந்தத் தெருவுல தலை நிமிர முடியல. ஒயரு தொங்கறதப் பாத்ததும், இதையாவது செய்வோம்னு போனேன்."

வெர்னா ஜன்னலருகே போய் வாளியைத் திருப்பிப் பார்த்தாள். தண்டு பென்சில் கனம். நாலு இடத்தில் வெட்டலாம்.

"எடுத்துட்டுப் போங்க," என்றார் லைல். "உங்களோடதுதான். உங்ககிட்ட அஞ்சாறு இருக்கும், இருந்தாலும்..."

அப்போது அவள் சொல்லியிருக்கலாம். வாய் நிறைய வார்த்தையோடுதான் வந்திருந்தாள். ஐந்து மாசமாகக் குனிந்திருந்த தலை ஒரு ராத்திரி நிமிர்ந்திருக்கிறது, அதைத் தட்டிக் கீழே போட அவளுக்கு மனசு வரவில்லை.

"இருக்கு, நெறைய இருக்கு," என்றாள். "இது உங்களோடதாவே இருக்கட்டும். ஒரே ஒரு கொப்பு குடுங்க. வீட்ல எங்கயாவது வச்சுக்கறேன்."

லைல் கத்தியை எடுத்துவந்தார். வெர்னா கத்தியை வாங்கித் தானே வெட்டினாள். காகிதத்தில் சுற்றிக் கோட்டுக்குள், மார்போடு வைத்துப் பொத்தான் போட்டாள்.

"வண்டிய செருகினதுக்கு..." என்று ஆரம்பித்தவள் கோட்டுப் பொத்தானை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். "ரொம்ப நன்றி லைல்."

வெளியே வந்து, ஒரு கையால் கோட்டைப் பிடித்துக்கொண்டு பனியில் நடந்தாள். வண்டியருகே நின்றாள். ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினாள். நிமிர்ந்தபோது லைல் ஜன்னலில் பூவுக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினார். அவள் ஒயரை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திச் செருகிவிட்டுப் பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

அப்புறம் ஹீட்டரைப் பிடுங்கினாள். குடிலுக்குள் இனி சூடாக வைக்க ஒன்றுமில்லை.