அவர் பார்த்து எடுத்த மடக்குக் கத்தி

அந்த நர்சரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நொட்டாங்கை அக்கா என்று கேட்டால்தான் ஆள் தெரியும். இடது கையால் கத்தி பிடிக்கிறவள். ரோஜாச் செடிகளுக்கு ஒட்டுக் கட்டுவது அவள் வேலை.

பார்க்க விளையாட்டுப் போலிருக்கும். நல்ல சாதிச் செடியின் கிளையிலிருந்து ஒரு கண்ணை, அதாவது முளைக்கக் காத்திருக்கும் சின்ன மொட்டை, பட்டையோடு சேர்த்துச் சீவி எடுக்க வேண்டும். காட்டு ரோஜாவின் தண்டில் கீறல் போட்டு, பட்டையை விலக்கி, அந்தக் கண்ணை உள்ளே உட்கார வைத்து, மேலே நாடா சுற்ற வேண்டும். சீவின இடம் கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தால் கண் பிடித்துக்கொள்ளும். துளி குழிந்தாலும் போச்சு. உள்ளே காற்றுத் தங்கி, கண் கருகிப்போகும்.

பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே நீள மேஜை. ஒட்டுக் கட்டுகிறவர்கள் அதன் இரண்டு பக்கமும் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு நிறத்தில் நாடா. அவளுடையது மஞ்சள். பருவம் முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து நாடாக்களைப் பிரித்துப் பார்ப்பார். எந்த நிறத்துக்குள் கருகின கண்கள் அதிகமோ, அந்த ஆள் மேஜையை விட்டு எழுந்து மண் கொட்டகைக்குப் போக வேண்டும். மண் கொட்டகையிலிருந்து ஒருவர் மேஜைக்கு வருவார். அங்கே நடைமுறை அதுதான். மண் கொட்டகை என்றால் எருவையும் மணலையும் மண்வெட்டியால் புரட்டி, பையில் நிரப்பி, முதுகில் சுமந்து வண்டியில் ஏற்றுவது. அவளுக்கு ஏற்கெனவே இடுப்பு பாதி போய்விட்டது. மேஜையை விட்டால் பிழைப்பே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

போன பருவத்தில் மயிரிழையில் தப்பித்தாள். கைமேல் குற்றமில்லை, கத்தி மேல்தான். பழைய மடக்குக் கத்தி. அலகைப் பிடியோடு சேர்க்கும் ஆணி தேய்ந்து, அலகு பல் ஆடுகிற மாதிரி ஆடியது. ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்து, தன் இடது கைக்கு ஏற்றபடி தானே தீட்டி வைத்திருந்த கத்தி. அலகு ஆடினால் தீட்டி என்ன பயன்?

"நல்லதா ஒண்ணு வாங்கித் தொலையேன்க்கா" என்று பக்கத்து முக்காலிக்காரி தினமும் நச்சரித்தாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்குக் கிளி என்று பெயர்.

"நீதான் ரெண்டு வச்சிருக்கியே, ஒண்ணு குடு" என்று இவள் சீண்டுவாள்.

"எம் புருஷன வேணும்னா ஒரு வாரம் கூட்டிட்டுப் போ. கத்திய மட்டும் கேக்காத" என்று கிளி சொல்ல, மேஜையே சிரிக்கும். யாரும் அங்கே கத்தி கடன் கொடுப்பதில்லை. ஒரு செடியின் நோய் அடுத்த செடிக்குத் தொற்றிவிடும் என்ற பயம். கொடுத்தாலும் வலக்கைக் கத்தி இவளுக்கு உதவாது.

வீட்டில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் நடுவே பேச்சு செத்துப் போயிருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். மகள் ஒருநாள் துணிப்பையோடு வெளியே போனவள், தான் விரும்பினவனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றோடு சரி. "சாவி எங்க?" "தண்ணி வந்துச்சா?" அவ்வளவுதான் அந்த வீட்டில் கேட்கிற மனிதக் குரல். ஒரே கூரையின் கீழே இரண்டு பேர் இப்படிக் குடித்தனம் நடத்துவதைவிடக் கொடுமை உண்டா? அவள் சமைத்ததை அவர் குற்றம் சொல்லிச் சாப்பிட்டிருந்தால்கூட அவளுக்கு வயிறு நிறைந்திருக்கும்.

அப்படிப்பட்டவர், ஒரு விடுமுறை நாளில் கூடத்தில் நின்று அவளைப் பார்த்தார். அவள் கத்தியின் ஆணி மேல் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"கத்திங்க. ஆடுது. இத வச்சுதான் கண்ணு சீவறேன். இந்தப் பருவம் சரியா வரலன்னா மேஜையில உக்கார விட மாட்டாங்க."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு கத்தியா? இரும்பா, தகரமா? கெளம்பு. கடைக்குப் போலாம்."

அவளுக்குக் காது கேட்டதா, கனவா என்று சந்தேகம். புடவை மாற்றினாள். கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். கத்தி வாங்கப் போகிறவள் பொட்டைச் சரிசெய்வானேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கருவிகள் விற்கிற கடை. சுவர் முழுக்க ரம்பங்கள், இடுக்கிகள், சுத்தியல்கள். கடைக்காரர் மடக்குக் கத்திகள் அடுக்கின தட்டை எடுத்து வைத்தார். எடுத்து வைத்ததுமே அவள் பார்த்துவிட்டாள்! மரப்பிடி, குட்டை அலகு, மெல்லிய முதுகு. ஒரு பக்கம் மட்டும் சாணை, அதுவும் இடக்கைக்காரர்களுக்கான பக்கம். கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. திறந்தாள். அலகு அசையவில்லை.

"கரெக்டா புடிச்சிட்டீங்கக்கா" என்றார் கடைக்காரர். "இடக்கைக்கு அந்த ஒண்ணுதான் வந்துச்சு. கேக்க ஆளில்லாம கெடக்கு."

அவள் தோளுக்கு மேலாக அவர் எட்டிப் பார்த்தார். "இது என்ன, பழம் நறுக்கறதா? ரெண்டு தடவ அழுத்தினா வளைஞ்சிடும்." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முப்பது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டின கை. ஒவ்வொன்றாகத் திறந்தார், மூடினார், முதுகைத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியில் ஒரு கருப்புப் பிடிக் கத்தியை எடுத்தார். தடித்த அலகு, இரண்டு பக்கமும் சாணை, அடிப்பாகத்தில் ரம்பம் மாதிரிப் பற்கள், திறந்தால் டக்கென்று விழுகிற பூட்டு.

"இதுதான் கத்தி. இந்த இரும்பு சாமானியத்துல தேயாது. ஆயுசுக்கும் வரும்."

கடைக்காரர் தயங்கினார். "சார், அக்கா ஒட்டுக் கட்டறவங்கன்னா..."

"நீங்க ஏன்யா நடுவுல வர்றீங்க? அவளுக்குன்னு நான் பாத்து எடுக்கறேன்ல?"

அவளுக்குன்னு! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது! அவர் கத்தியை அவள் கையில் வைத்தார். கனமாக இருந்தது. இது மரம் வெட்டப் போகிறவனுக்கு, எனக்கில்லை என்று உள்ளங்கை சொல்லியது. அவர் முகத்தைப் பார்த்தாள். சின்னப் பையன் பரீட்சைத் தாளை நீட்டிக்கொண்டு நிற்கிற முகம்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

அந்த இடத்தில்தான் அவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

அவர் காசு கொடுத்தார். அவள் கொண்டுவந்திருந்த பழைய கத்தியை வாங்கிக் கடையின் பழைய இரும்பு டப்பாவில் வீசினார். அவள் அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மீதியை எண்ண அவர் திரும்பின நேரத்தில் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "மாத்தணும்னா கொண்டாங்கக்கா. எடுத்து வைக்கறேன்" என்றார். அவள் தலையாட்டினாள்.

வழியில் அவர் டீ வாங்கிக் கொடுத்தார். பேசினார்! லிஃப்டில் மாட்டின ஒருத்தன், "மொதல்ல எம் பொண்டாட்டிய வெளிய எடுங்க, உள்ள காத்தையெல்லாம் அவளே பேசித் தீத்துட்டா" என்று கத்தினதைச் சொல்லிச் சிரித்தார். அவள் டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் மேஜையில் கத்தியை எடுத்ததும் கிளி வாயைப் பிளந்தாள். "அடியாத்தி! யாரக்கா குத்தப் போற?"

"அவர் வாங்கிக் குடுத்தார்" என்றாள் இவள், கழுத்து நிமிர.

முதல் கண்ணைச் சீவினதுமே புரிந்துவிட்டது. தடித்த அலகு பட்டைக்குள் சறுக்கி, நடுவில் குழி பறித்தது. பற்கள் பட்ட ஓரம் பிய்ந்தது. சாணையை மாற்றலாம் என்று வீட்டுக்குத் தெரியாமல் நர்சரியிலேயே கல்லில் தேய்த்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த இரும்பு தேயவே இல்லை. கல்தான் தேய்ந்தது.

"மாத்திட்டு வாக்கா" என்று கிளி தலையில் அடித்துக்கொண்டாள். "கட தொறந்துதான கெடக்கு?"

போகத்தான் நினைத்தாள். ஆனால் சாயங்காலம் அவர் வாசலிலேயே கேட்பார்: "கத்தி எப்படி?"

"வெண்ணெய் வெட்டற மாதிரி இருக்குங்க."

"சொன்னேன்ல?" என்று நெஞ்சை நிமிர்த்துவார். பக்கத்து வீட்டுக்காரரிடம், "நான் பாத்து எடுத்தது" என்று சுவருக்கு மேலாகச் சொல்வார். சாப்பிடும்போது அன்று பழுது பார்த்த லிஃப்டைப் பற்றிச் சொல்வார். ஒருநாள், அவள் பேச்செடுக்காமலே, "அந்தப் பொண்ணு ஃபோன் கீன் பண்றாளா?" என்றுகூடக் கேட்டார். அன்று ராத்திரி அவள் தலையணை நனைந்தது. இந்தப் பேச்சை எப்படிக் கலைப்பது? நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படித்தான் நினைத்தாள். செடிகளில் மஞ்சள் நாடா ஏறிக்கொண்டே போனது.

நாடா பிரிக்கிற நாள் வந்தது. சூப்பர்வைசர் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்தார். கிளியின் சிவப்பு நாடாக்களுக்குள் பச்சைப் பசேலென்று கண்கள். மஞ்சளைப் பிரித்தார். கருப்பு. அடுத்தது கருப்பு. இடையில் ஒன்று பச்சை, பிறகு மறுபடி கருப்பு. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா இது? புதுக் கத்தின்னு சொன்னாங்க?"

கிளி இவளை முறைத்தாள். இப்பவாவது சொல்லேன் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

"கத்தி நல்ல கத்திதான் சார்" என்றாள். "கைதான் சரியில்ல."

அங்கேயும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை! சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டு, மண் கொட்டகையிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டு, கூச்சத்தோடு இவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அவளைக் கோபித்து என்ன செய்வது? கிளி அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் இரண்டு நாள் மறைத்தாள். மூன்றாம் நாள் முதுகு காட்டிக்கொடுத்தது. குடத்தைத் தூக்கப் போனவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவர் வந்து குடத்தை வாங்கினார். அவள் நகங்களில் அப்பியிருந்த எருவைப் பார்த்தார்.

"என்ன இது? மண்ணுல எறக்கிட்டாங்களா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? சொன்னாள். அலகு, சாணை, பற்கள், இடது கை, கருகின கண்கள், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. அனுதாபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். அந்த ஆசைதான் அவளைக் கொன்றது.

"கடையிலயே சொல்றதுக்கென்ன? அந்த மரப்பிடிக் கத்தியவே வாங்கிக் குடுத்திருப்பேனே?"

"நீங்க ஆசையா எடுத்தீங்க..."

"ஆசையா எடுத்தேன்னு வேலைய விட்டுட்டு நிப்பியா? நானா கேட்டேன்? ஊரெல்லாம் நான் பீத்திக்கிட்டு அலையறேன், நீ உள்ளுக்குள்ள என்னக் கேனயனாக்கிட்டுத் தினமும் வெண்ணெய் வெண்ணெய்ங்கற!" அவர் குரல் உடைந்தது. "உன் பொண்ணு விஷயத்துலயும் இதத்தான் பண்ணின. சிரிச்சிட்டே இருந்த. வாயத் தொறக்கல. நீ மாற மாட்ட."

அடிபட்ட மாதிரி நின்றாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

"சரி, சொல்றேன்" என்றாள் மெதுவாக. "அன்னைக்குக் கடையில, இது வேணாங்க, எனக்கு அதுதான் வேணும்னு நான் சொல்லியிருந்தா, வாங்கிக் குடுத்திருப்பீங்க. நெஜந்தான். வாங்கிக் குடுத்துட்டு, வழியில டீ குடிச்சிருப்போமா? லிஃப்டு கதையெல்லாம் சொல்லியிருப்பீங்களா? எங்கூடப் பேசியிருப்பீங்களா?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"தெரியல" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் கழித்து வந்தவர், "சாவி எங்க?" என்று மட்டும் கேட்டார். அவள் சுவர் ஆணியைக் காட்டினாள்.

மண் கொட்டகை ஆட்களுக்கு வேலை நேரம் மேஜைக்காரர்களைவிட முன்னதாகவே ஆரம்பம். காலையில் அவர் எழுவதற்குள் சமைத்து மூடி வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். கருப்புக் கத்தி கூடத்து மேஜை மேலேயே கிடந்தது. மண் அள்ளுகிறவளுக்குக் கத்தி எதற்கு?