சீர் முறுக்கு சுற்றிய டைப்பிஸ்ட்

மழைக்காலத்தில் ஒரு நாள், ஓடிக்கொண்டிருந்த லோக்கல் ரயிலிலிருந்து மாட்டுங்கா ஸ்டேஷனில் குதித்து என் கணவர் வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்திருந்தால் ரயில் தானே நின்றிருக்கும். இதைச் சொன்னால் அவருக்கு இன்றும் கோபம் வருகிறது.

அவர் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அரிசிக்கு இன்னும் ரேஷன் வராத காலம் அது. எங்கள் கட்டிடம் முழுக்கப் பாலக்காட்டுக்காரர்கள். மாவுக்கட்டோடு இவர் வந்ததும் ஆளாளுக்கு உபசாரம் தொடங்கிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து ரசம் வரும், இன்னொரு வீட்டிலிருந்து தைலம் வரும். எதிர்வீட்டு மாமா பேப்பரை எடுத்துவந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுவார். கட்டைப் பிரித்த பிறகும் இந்த ராஜமரியாதை நிற்கவில்லை. அந்தக் கையை அசைக்கவே கூடாது என்று கட்டிடமே ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

விளைவு, விரல்கள் மரக்கட்டையாகிவிட்டன. ஆஸ்பத்திரியில் பார்ஸி டாக்டர் பார்த்துவிட்டுக் கத்தினார். "யே ஹாத் ஹை யா மூர்த்தி?" இது கையா, விக்கிரகமா என்று கேட்டவர், எதையாவது பிசை, பிழி, கிள்ளு, அரை நாளாவது வேலைக்குப் போ என்று சொல்லி அனுப்பினார்.

இவர் போகவில்லை. ஆபீஸில் இவர் நாற்காலியில் தற்காலிகமாக ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அந்த இடம் அந்தப் புது ஆளுக்கே என்று ஹெட் கிளார்க் சொல்லியனுப்பினார். விரல் மடங்கவில்லை என்று இவரும் பதில் சொல்லியனுப்பினார். வலிக்கிறதா என்று நான் கேட்டால், "ஒண்ணுமில்லை" என்பார். வலியை விடப் பயம்தான் அதிகம். தட்டுத் தடுமாறி அடிப்பதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற பயம். வேலை போய்விடுமே என்று எனக்கும் பயம்தான். ஆனால் எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும்.

அந்தச் சமயத்தில் மேல்மாடி மாமியின் பெண்ணுக்குக் கல்யாணம். சீருக்குக் கை முறுக்கு சுற்ற மாமிக்கு ஆள் போதவில்லை. மாவைக் கிள்ளி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருகித் திருகித் துணியில் வட்டமாக விட்டுக்கொண்டே போக வேண்டும். டாக்டர் சொன்ன வைத்தியம் இதில் இல்லாமல் வேறு எதில் இருக்கிறது? இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்னா, உக்காருங்கோ."

"நான் டைப்பிஸ்ட்டுடீ. பரிசாரகன் இல்லை."

"அப்போ டைப் அடிக்கப் போங்கோ."

இவர் உட்கார்ந்து கையில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டார்.

முதல் நாள் அவர் சுற்றியதெல்லாம் மண்புழு மாதிரி நெளிந்தது. "போனாப் போறது, கொழந்தேள் திங்கட்டும்" என்று மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் நான் கூப்பிடாமலே மாடியேறினார். ஒரு சுற்று சேர்ந்தது, பிறகு மூன்றானது. சீர் முறுக்கு முடிவதற்குள் ஏழு சுற்று சுற்ற வந்துவிட்டது. மாமி அந்த முறுக்குகளை மட்டும் தட்டில் மேலாக அடுக்கினாள்.

கல்யாணத்துக்கு அடுத்த தெருவிலிருந்து ஹெட் கிளார்க்கும் வந்திருந்தார். சீர்த்தட்டுக்குப் பக்கத்தில் நின்று முறுக்கை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். "சுத்தினது யாருன்னு நெனச்சேள்? உங்காபீஸ் டைப்பிஸ்ட்டாக்கும்!" என்று மாமி போட்டு உடைத்துவிட்டாள். இவர் அவசரமாகக் கையை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்தார்.

"ஓய், விரல் மடங்கலைன்னு போன வாரம்தானே சொல்லியனுப்பினீர்?"

ஹெட் கிளார்க் சிரித்தார். "திங்கக்கிழமை வாரும். இப்போதைக்கு மத்தியானம் வரைக்கும் போறும். சின்ன லெட்டர் மட்டும் அடியும். பெரிசெல்லாம் அந்தப் புது ஆள் பாத்துக்கட்டும். நிதானமா அடிச்சா யாரும் உம்மைத் தூக்கிலே போடமாட்டா."

திங்கட்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்து உட்கார்ந்து வலது கையை என் பக்கம் நீட்டினார்.

"அப்பப்பா, வலி பிராணன் போறதுடீ! தைலத்தை எடு. நாளைக்கும் போகணும்."

கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும். கை முறிந்ததிலிருந்து வலி என்று அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். தைலத்தை எடுத்துவந்து தேய்க்க உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உனக்கென்னடீ ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லை" என்றேன்.