கொளுக்கி உள்ள ஒரே கதவு

ஸ்கந்தபுரத்தில் சிவரூபியின் வீட்டுக்கு வாசல் கதவைத் தவிர வேறு கதவு கிடையாது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. சுவர் எழும்பியது, ஓடு போட்டார்கள், சீமெந்துத் தரையும் வந்தது. உள்ளறைகளுக்குக் கதவு போடுகிற கட்டத்தில் எல்லாரும் களைத்துப்போய்விட்டார்கள். இரண்டு அறை வாசலிலும் பழைய சேலைதான் தொங்குகிறது. காற்றடித்தால் சேலை விலகும். காற்றடிக்காவிட்டால் மாமி இராசமலர் விலக்குவார். மருமகள் என்ன செய்கிறாள் என்று பார்க்க அல்ல, இருக்கிறாளா என்று பார்க்க. ஒருவரைத் தொலைத்த வீட்டில் மிச்சமிருப்பவரை அடிக்கடி எட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிடும்.

தொலைந்தவன் யோகநாதன். இராசமலரின் ஒரே மகன், சிவரூபியின் புருசன். 2009 வைகாசியில், சண்டை முடிகிற நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த சனத்துக்குள்ளிருந்து அவனை இராணுவத்தினர் கூப்பிட்டு ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போங்கோ, நான் வாறன் என்று சைகை காட்டினான். அப்போது சிவரூபிக்கு இருபத்துநாலு வயது, கல்யாணம் முடித்துப் பதினொரு மாதம். இப்போது நாற்பது. இருவரும் பதியாத இடமில்லை, கொடுக்காத கடிதமில்லை. தகவல் மட்டும் வரவேயில்லை.

அகதி முகாமிலிருந்து திரும்பித் தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்த காலத்தில் கிறிஸ்தவ ஜெபசபைக்காரர் வந்தார்கள். மற்றவர்கள் படிவம் நிரப்ப வந்தார்கள், இவர்கள் பக்கத்தில் இருந்து அழுதார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு ஞாயிறு வெளியூர்ப் பிரசங்கி ஒருவர் அவள் தலையில் கை வைத்து, உன் புருசன் உயிரோடு இருக்கிறான், வாசலில் வந்து நிற்பான் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். சிவரூபி அன்றைக்கே ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தாள். இராசமலர் அம்மன் கோயிலை விடவில்லை. ஆனால் அந்தத் தீர்க்கதரிசனத்தை மட்டும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார்.

இடைஞ்சல் பொட்டில் வந்தது. சபைப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை, நகை போடுவதில்லை. இராசமலருக்கு அது ஒத்துவரவில்லை. மகன் உயிரோடு இருக்கும்போது மருமகள் வெறும் நெற்றியோடு படலையைத் தாண்டக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அதனால் ஒவ்வொரு காலையும், சிவரூபி வெளிக்கிடும் நேரம், குசினியிலிருந்து ஒரு குரல் வரும்.

"பொட்டை வை, பிள்ளை."

அவள் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபை வாசலில் அந்த ஒட்டுப்பொட்டைக் கழற்றிச் சைக்கிள் மணியின் தலையில் ஒட்டிவிட்டு உள்ளே போவாள். திரும்பும்போது மணியிலிருந்து நெற்றிக்கு. ஆண்டவரும் மாமியும் ஒருவரோடொருவர் மோதாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பதினைந்து வருடமாக அந்தச் சைக்கிள் மணியிடம் இருந்தது.

சபையில் எல்லாமே சத்தமாகத்தான். பாஸ்டர் நிரஞ்சன் நல்ல மனுசன், ஆனால் நாற்பது பேருக்கு நானூறு பேருக்கான ஒலிபெருக்கி வைத்திருப்பவர். ஜெபக்குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒருவருக்கு விசா, ஒருவருக்கு முழங்கால், ஒரு பிள்ளைக்குச் சாதாரணதரப் பரீட்சை. கடைசியில் எப்போதும், சகோதரன் யோகநாதன் திரும்பி வரவேண்டும் என்பது. எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள். முடிவில் கூரைத் தகரம் அதிர ஓர் ஆமென்.

சிவரூபியும் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். கடைசி இரண்டு வருடமாக அந்த ஆமென் அவளுக்கு முழுதாக வரவில்லை. அவன் செத்துவிட்டான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வருவான் என்ற நம்பிக்கை மட்டும் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. அவளுக்கு ஆண்டவரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஆள் இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிடும், நான் அழுது முடிக்கிறேன். வேறு கல்யாண எண்ணம் ஏதுமில்லை. ஊர் அப்படித்தான் நினைக்கும், நினைக்கட்டும். பதினாறு வருடமாக அவள் ஒழுங்காக அழவில்லை. கண் கலங்கினாலே மாமி, ஏதும் அறிஞ்சனியோ என்று பதறுவார். உடனே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சபையில் சொல்ல ஏலுமா? சொன்னால் முப்பத்தொன்பது பேர் அவிசுவாசத்தைக் கடிந்துகொள்வார்கள். உலையில் அரிசி வேகுமுன் கதை மாமியின் காதுக்குப் போய்விடும்.

அப்படி இருக்கையில்தான் பாஸ்டர் ஒருநாள் பிரசங்கம் செய்தார். இயேசு சனக்கூட்டத்தை விட்டுத் தனியே மலைக்கு ஏறிப் போனாராம். விசுவாசி ஒவ்வொருவரும் தினமும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேசவேண்டுமாம். சிவரூபி கதிரையில் இருந்தபடியே தனக்குள்ள இடங்களை நினைத்துப் பார்த்தாள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வரிசைக்கு முப்பது மெசின், போய்வர நெருக்கியடித்த பஸ். காட்டுக்கரையில் யானை. ஒருநாள் பின்னேரம் குளக்கட்டில் போய்த் தனியே இருந்து பார்த்தாள். பத்து நிமிடத்தில் குளிக்க வந்த இரண்டு பெண்கள் ஓடிவந்து ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு, ஒண்டும் செய்துபோடாதை தங்கச்சி என்று கெஞ்சினார்கள். இந்த ஊரில் ஒரு பெண் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மிஞ்சியது வளவின் பின்பக்கத்து மலசலகூடம். ஏதோ ஒரு நிறுவனம் கட்டிக்கொடுத்தது. வீட்டைவிடத் திறமான வேலை. நீலத் தகரக் கதவு, உள்பக்கம் கொளுக்கி. அவள் முதல்நாள் கொளுக்கியைப் போட்டுவிட்டு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர், சமாளிப்பார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

தனிமை கிடைத்தது, சொல் வரவில்லை. அரைமணி நேரம் சுவரைப் பார்த்து நிற்பாள், வெளியே வருவாள். நாலாம் நாள் மாமி கதவடியில் நின்று, வயித்துக்குள்ளை ஏதுமோ என்று கேட்டார். ஓம் மாமி என்றாள். அந்த ஒரு பொய்யை மூன்று கிழமை குடிக்க வேண்டியதாயிற்று: காலையும் மாலையும் மாதுளம்பழத்தின் தோலை, அந்த மாதுளங்கோதை, அவித்த தண்ணீர், ஒரு கோப்பை நிறைய. நல்ல வயிறு அதில் கெட்டது.

மாமி பாஸ்டரின் மனைவி தயாளினியிடமும் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு தயாளினி ஒலிபெருக்கியை வாங்கி, சகோதரி சிவரூபியின் வயிற்றுக்காக ஜெபிப்போம் என்றார். எல்லாரும் எழுந்து வந்து தலை, தோள், முதுகு என்று பிடித்த இடத்தில் கை வைத்தார்கள். எண்ணெய் பூசினார்கள். ஒரு கிழவி உண்மையாகவே அழுதார். அத்தனை கைகளுக்குக் கீழே சிவரூபி குனிந்து நின்றாள். அவர்கள் எல்லாருக்கும் அவளில் அன்பு; அந்த அன்புக்குள் அவளுக்கு மூச்சுவிட இடமில்லை. கை எடுக்காமலே பாஸ்டர் சகோதரன் யோகநாதனுக்குப் போனார். ஆமென் வந்தது. அவள் வாய் திறக்கவில்லை. அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு வந்த சனிக்கிழமை அரைநாள் வேலை. ஆவணி வெயில். மலசலகூடத்துக் குழாயில் தண்ணீர் நின்று பத்து நாள். சாப்பிட்ட கையோடு பின்வளவுக்குப் போய்க் கொளுக்கியைப் போட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை, வாய்விட்டே சொன்னாள்.

"ஆண்டவரே, அவர் இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லிப்போடும். என்னாலை இனிக் காத்திருக்கேலாது. நான் ஒருக்கா அழவேணும்."

சொன்னதும் அழுகை வந்தது. பதினாறு வருடத்து அழுகை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டும் அடங்கவில்லை.

முகத்தைத் துடைத்துக் கதவைத் திறந்தபோது முன்னால் இராசமலர் நின்றார். குழாயில் தண்ணீர் இல்லையே என்று கிணற்றில் அள்ளி வந்த வாளி காலடியில் இருந்தது. ததும்பிச் சிந்திய தண்ணீரை வெயில் ஏற்கெனவே குடித்துவிட்டிருந்தது. வந்து கனநேரம் ஆகியிருக்க வேண்டும்.

பேசுவார், மண்ணை அள்ளித் திட்டுவார் என்று சிவரூபி நின்றாள். திட்டியிருந்தால் நல்லது, தாங்கியிருப்பாள்.

"உன்ரை ஆண்டவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார் இராசமலர்.

"ஒண்டும் சொல்லேல்லை, மாமி."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கும் அம்மாள் ஒண்டும் சொல்லுறேல்லை, பிள்ளை."

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கொளுக்கி விழுந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் வரவில்லை, வேறொரு சத்தமும் வரவில்லை. சிவரூபி முருங்கைமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தாள். மாமி எதற்காகக் கதவைப் பூட்டினார் என்று அவளுக்குத் தெரியும். தட்டிக் கூப்பிடக் கை வந்தது, தட்டவில்லை. வெகுநேரம் கழித்து இராசமலர் வெளியே வந்தபோது வாளி நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. அன்றைக்கு முழுக்க இருவரும் சோறு, கறி, ஆடு பற்றித்தான் பேசினார்கள். மாதுளங்கோதுத் தண்ணீர் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. சிவரூபி தலை வாரி இழுத்துச் சேலை உடுத்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்றாள். கண்ணாடி விளிம்பில் ஒட்டுப்பொட்டு அட்டை செருகியிருந்தது. குசினியில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. குரல் வரும் என்று காத்து நின்றாள். திருவுகிற சத்தம் ஒருதரம் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது.

"மாமி, நான் வெளிக்கிட்டிட்டன்."

"ஓம். கவனமாய்ப் போட்டு வா."

அவ்வளவுதான். பதினைந்து வருடமாக ஒருநாளும் தவறாத அந்த ஒரு சொல் வரவில்லை. அவன் இல்லையென்று சொல்லும்படி ஆண்டவரைக் கேட்டவள் அவள்தான். ஆனால் அந்தப் பதிலை அவனைப் பெற்றவளின் மௌனத்திலிருந்து கேட்க அவளால் முடியவில்லை. வெறும் நெற்றியோடு போக இனி ஒருவரும் தடையில்லை. வாசல்வரை போனாள். திரும்பி ஓடிவந்து அட்டையில் ஒரு பொட்டை உரித்து நெற்றியில் வைத்து, விழுந்துவிடப் போகிறது போலப் பெருவிரலால் அழுத்தினாள். அழுத்திக்கொண்டே குசினி வாசலில் போய் நின்றாள்.

இராசமலர் நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றத் தேங்காய்ப் பாதியை எடுத்தார்.

அன்றைக்குச் சபை வாசலில் சிவரூபி சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போனாள். எல்லாரும் அவள் நெற்றியைப் பார்த்தார்கள். தயாளினி கண்ணால் சாடை காட்டியும் அவள் கழற்றவில்லை. யோகநாதனின் பெயர் வந்தபோது எல்லாரையும்விட உரத்து ஆமென் சொன்னவள் அவள்தான்.